என் பேரில் ஒரு தக்காளித் தோட்டம்

சாட்சியின் பெயர்: ஃபித்தா. ஊரில் உம்மு ஸக்ர், அதாவது ஸக்ரின் தாய், என்று அழைக்கப்படுபவர்.
தந்தை: காலஞ்சென்ற ஸலாமா அல்-குதைராத்.
வயது: அடையாள அட்டைப்படி அறுபத்து நான்கு. சாட்சி கூடுதல் என்கிறார்.
முகவரி: தல்அத் அல்-லவ்ஸ் கிராமம், கரக் மாவட்டம், ஜோர்டான்.
தொழில்: இல்லை. விதவை.
பொருள்: நாடாளுமன்ற உறுப்பினர் ஹுவைமில் ஸலாமா அல்-குதைராத் வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாகக் கூறப்படும் வழக்கு. சாட்சி அவருடைய உடன்பிறந்த மூத்த சகோதரி. இது சாட்சி கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம்.

நான் மேற்சொன்ன முகவரியில் என் மகன் ஸக்ருடன் குடியிருந்து வருகிறேன். ஸக்ர் எங்கள் ஊருக்கும் கரக் நகரத்துக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறான். என் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் பிறகு காலமாகிவிட்டார். அவருடைய ஓய்வூதியம்தான் என் வரும்படி. வயதைப் பற்றி விசாரணை அதிகாரி கேட்டார். பெரிய பனி விழுந்த வருஷம் பிறந்ததாக என் உம்மா சொல்வார் என்றேன். எந்தப் பெரிய பனி என்று அதிகாரி கேட்டார். அது எனக்கு எப்படித் தெரியும், பிறந்த குழந்தை பனியையா பார்த்துக்கொண்டு கிடந்தது? அட்டையில் உள்ளதையே எழுதிக்கொள்ளும்படி சொல்லிவிட்டேன்.

சென்ற மாதம் இதே அறையில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது உண்மை. இன்றைக்குச் சொல்லப்போவது வேறு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அதிகாரி கேட்டார். எனக்கும் அதுதான் புரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எது உண்மை என்று படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வாப்பா கோதுமை விதைத்தார், ஆடு வைத்திருந்தார். மலைச்சரிவில் ஒரு நிலமும் சாலையோரம் பழைய மழைநீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு நிலமும் அவருக்கு இருந்தன. பிள்ளைகள் நானும் என் தம்பி ஹுவைமிலும் மட்டும்தான். ஹுவைமில் பள்ளிக்கூடம் முடித்த பிறகு அரசாங்கக் கால்நடைத் துறையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையில் சேர்ந்தான். ஜீப்பில் கூடாரம் கூடாரமாகப் போவான். ஊசி போட்ட இடத்தில் டீ குடிப்பான், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான், கிழவிகளின் முழங்கால் வலியை விசாரிப்பான். யார் வீட்டில் எத்தனை ஆடு, எத்தனை ஓட்டு, யாருக்கும் யாருக்கும் ஆகாது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நாடாளுமன்றத்துக்கு அவன் படித்த படிப்பு அதுதான். வேறு படிப்பு அவனுக்கு இல்லை.

அதன் பிறகு எங்கள் வாப்பா மௌத்தாகிவிட்டார். துக்கத்துக்குப் போட்ட கூடாரத்தைப் பிரிக்கவில்லை, அதற்குள் ஹுவைமில் என்னிடம் வந்தான். என் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுத்ததாக ஷரீஅத் நீதிமன்றத்தில் விரல் வைக்க வேண்டும் என்றான். எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படித்தான் செய்வது. செய்யாதவளை அவள் அண்ணன் தம்பி பெருநாளைக்கும் வந்து பார்க்க மாட்டார்கள். அப்போது அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வாப்பா நிலத்த வேத்து வீட்டு ஆளுக்கா குடுக்கப் போற? நான் எங்க போயிட்டேன் அக்கா? நீ எப்ப வந்தாலும் இது உன் வீடுதானே."

என் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வேற்று வீட்டு ஆள் என்று அவன் சொன்னது அவரைத்தான். அவர் குனிந்து செருப்பைத் தேடினார். நான் எழுந்து போய் விரல் வைத்தேன். எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி ஹாஜி ஜத்ஆன், சாட்சியாக நின்றார். எனக்கு ஒரு தங்க வளையலும் கம்பளி மேலங்கியும் கொடுத்தார்கள். வளையல் பிற்பாடு ஸக்ரின் மினிபஸ்ஸுக்கு முன்பணமாகப் போயிற்று. மேலங்கி இன்னும் இருக்கிறது, அதைத்தான் இப்போது போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் அரசாங்கம் சாலையை அகலப்படுத்தியது. சாலையோர நிலத்தைப் பெட்ரோல் பங்க் வைக்க ஒருவர் கேட்டார். ஹுவைமில் விற்றான். அந்தப் பணத்தில் முதல் தேர்தலில் நின்றான். ஊருக்கு ஊர் கூடாரம் போட்டான், ஆடு அறுத்து மன்ஸஃப் என்கிற கறிச்சோறு போட்டான், என்னைப் பெண்கள் கூடாரத்தில் உட்காரவைத்து ஓட்டுக் கேட்கச் சொன்னான். நானும் தொண்டை கட்டும் வரைக்கும் கேட்டேன். அவன் ஜெயித்த அன்றைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், நான் குலவையிட்டேன். என் நிலத்தை விற்ற காசில் அவன் ஜெயித்தான் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவேயில்லை. இப்போது இந்த அறையில் வரிசையாகச் சொல்லும்போதுதான் எட்டுகிறது.

அதன் பிறகு ஒரு தடவை தோற்றான், மற்ற தடவையெல்லாம் ஜெயித்தான். நாடாளுமன்றத்தில் என்ன செய்வான் என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்து பார்லித் தீவனத்தின் விலை ஏறிவிட்டது என்று ஒரு நாள் பேசினான், அது டிவியில் வந்தது. அந்த ஒரு பேச்சை வைத்து இரண்டு தேர்தல் ஓட்டினான். மற்றபடி அவன் வேலை வீட்டில்தான். காலையில் விருந்தினர் கூடத்தைத் திறந்தால் ஜனம் வந்துவிடும். ஒருவருக்கு மகனை ராணுவத்தில் சேர்க்க வேண்டும், ஒருவருக்குக் கிட்னிக்கு இலவச சிகிச்சைக் கடிதம் வேண்டும், ஒருவருக்கு மகளை அகபாவில் இருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டும். அவன் எல்லாருக்கும் கடிதம் கொடுப்பான், எல்லாரையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வான். அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் கடிதத்தால் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

பணம் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டார். பணம் இல்லை என்றுதான் அவன் முப்பது வருஷமாக என்னிடம் சொல்லிவந்தான். பெருநாளைக்குப் பெருநாள் வந்து மெத்தையில் சாய்ந்துகொண்டு, அக்கா, சம்பளமெல்லாம் ஆட்டுக்காரனுக்கே போகிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது என்பான். நான் பரிதாபப்பட்டு அவனுக்கென்று எடுத்துவைத்த நெய்யைக் கொடுத்தனுப்புவேன். ஒரு பெருநாளைக்கு இரண்டு டப்பா. என் மகன் அதற்காக என்னிடம் சண்டை போட்டிருக்கிறான்.

என் கணவர் காலமான பிறகு ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. ஹுவைமில்தான் முன்வந்தான். அவனுக்கு ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் எனக்குப் பதிலாக அவனே கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடுவான் என்றான். எழுதிக்கொடுத்தேன். அதில் ஓய்வூதியம் என்று மட்டும் எழுதியிருந்ததா, வாங்கவும் விற்கவும் என்று எழுதியிருந்ததா என்று அதிகாரி கேட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டியவனும் அவனேதான்.

அதன் பிறகு போன வருஷம் என் கண்ணில் புரை விழுந்தது. ஹுவைமில் ஒரு கடிதம் கொடுத்தான். இந்த அம்மாளுக்கு ஓய்வூதியத்தைத் தவிர உலகத்தில் ஒன்றும் கிடையாது, இவருக்கு அரசுச் செலவில் சிகிச்சை தர வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாக ஸக்ர் படித்துச் சொன்னான். ஆஸ்பத்திரியில் நாள் கொடுக்கத் தாமதமாயிற்று, காத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்த அலுவலகத்தில் இருந்து எனக்கு அழைப்பு வந்தது. வந்து உட்கார்ந்தேன். ஃகோர் பள்ளத்தாக்கில் ஒரு தக்காளித் தோட்டமும், அம்மானில் ஒரு நான்கு மாடிக் கட்டடமும், அகபாவில் வரிசையாகக் கடைகளும் என் பேரில் இருப்பதாக அதிகாரி சொன்னார். அது வேறு ஃபித்தாவாக இருக்கும், விசாரித்துப் பாருங்கள் என்றேன். தந்தை பேரும் அட்டை எண்ணும் என்னுடையவைதான் என்றார். என் வீட்டில் ஒரு மாடிகூடக் கிடையாது, இருக்கிற கூரையும் மழைக்கு ஒழுகுகிறது, பாத்திரம் வைத்துப் பிடிக்கிறேன் என்றேன். அதற்கு முந்தின நாள்தான் சந்தையில் தக்காளி விற்கிறவனிடம், ஃகோரில் இருந்து வருகிற தக்காளிக்கு இந்த விலையா, தோட்டக்காரன் நெஞ்சில் ஈரமே இல்லையா என்று சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தத் தோட்டக்காரன் நான்தான் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது என்று விரல் வைத்துவிட்டுப் போனேன்.

போகும்போது அதிகாரி ஒன்று சொன்னார். அதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன், எழுதலாம் என்றார். "அம்மா, உங்களுது இல்லன்னா உங்க தம்பி உள்ள போவாரு. உங்களுதுதான்னா, வாங்கறதுக்குப் பணம் ஏதுன்னு நீங்க சொல்லணும். சொல்ல முடியலைன்னா நீங்களும் அவரோட சேந்து போவீங்க. யோசிச்சு வாங்க." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு பக்கம் நான் ஓட்டாண்டி என்று ஆஸ்பத்திரியில் கடிதம் இருக்கிறது, இன்னொரு பக்கம் நான் நிலச்சுவான்தாரி என்று இங்கே சொல்கிறார்கள். நான் யார் என்று ஸக்ரைக் கேட்டேன். அவன், முதல்ல கண்ண சரி பண்ணிக்குவோம்மா, அப்புறம் பாப்போம் என்றான்.

அதன் பிறகு கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நலம் விசாரிக்க உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று ஹுவைமிலின் வீட்டில் இருந்து சொல்லியனுப்பினார்கள். ஸக்ர் காபி காய்ச்சினான். கார்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. நலம் விசாரிக்க இத்தனை கார் எதற்கு என்று நான் நினைத்தேன், ஆனால் என் தம்பி பெரிய மனிதன் என்பதால் வந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதிகாரி எங்கள் பக்கத்துக்காரர், அவருக்குத் தெரியும். எழுத்தர் நகரத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். எங்களிடம் ஒரு காரியம் கேட்டுத் தூது வருகிறவர்கள், வீட்டுக்காரர் கொடுக்கும் கசப்புக் காபியைக் குடிக்க மாட்டார்கள். கூட்டத்தில் பெரியவர் கோப்பையை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்துவிடுவார். கேட்க வந்தது கிடைக்கிற வரைக்கும் அதைத் தொட மாட்டார். வீட்டுக்காரர் "உங்க காபியக் குடிங்க" என்று சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கொலைப் பழியைக்கூட அப்படித் தீர்த்திருக்கிறார்கள். ஆகவே விவரமானவர்கள், என்ன காரியம் என்று முதலில் கேட்டுக்கொள்ளாமல் அந்த வார்த்தையை வாயில் இருந்து விட மாட்டார்கள்.

நான் தட்டில் ரொட்டி எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணிலும் மங்கல். யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கிட்டத்தில் ஜத்ஆன் சாச்சா மட்டும் தெரிந்தார். அவருக்கு முன்னால் தரையில் நிறைந்த கோப்பை இருந்தது. சாச்சாவுக்குப் பக்கவாதம் வந்ததில் இருந்து கை நடுங்கும். சிந்திவிடுமே என்று கீழே வைத்திருக்கிறார், எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. நான் தட்டை வைத்துவிட்டுக் குனிந்து கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்து, என் கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு சொன்னேன்.

"குடிங்க சாச்சா, ஆறிடுச்சு பாருங்க."

ஸக்ர் பின்னால் இருந்து "அய்யோ உம்மா" என்றான். சாச்சா என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடித்தார். மற்றவர்களும் தங்கள் கோப்பைகளை எடுத்துக் குடித்தார்கள். "அல்லாஹ் உன் முகத்த ஒளியாக்கட்டும் மகளே" என்று மாறி மாறிச் சொன்னார்கள். அதன் பிறகுதான் என்னத்தைக் கொடுத்தேன் என்று நான் கேட்டேன். ஹுவைமில் மூலையில் இருந்து எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டான். அந்தச் சொத்துகள் அவனுடையவை அல்ல, என்னுடையவை என்று நான் இங்கே வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் தூது. அவன் முகம் ஈரமாக இருந்தது. அவன் அழுதானா, முகம் கழுவிவிட்டு வந்திருந்தானா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. கண் நன்றாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஹுவைமிலின் வக்கீல் ஒரு பத்திரத்தோடு வந்தார். வழக்கு முடிந்ததும் எல்லாச் சொத்தையும் ஹுவைமிலின் மகன் ராகானுக்கு நான் திருப்பி எழுதித் தருவதாக அதில் இருந்தது. மை டப்பாவையும் அவரே கொண்டுவந்திருந்தார். அங்கே போய் என்னுடையது என்று சொல்லிவிட்டு, இங்கே என்னுடையது இல்லை என்று விரல் வைத்தால் இரண்டில் எது பொய் என்று கேட்டேன். இரண்டும் சும்மா சம்பிரதாயம் என்றார். அவர் படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் என் தலை சுற்றியது. கண்ணில் மருந்து விட்டிருக்கிறேன், கட்டு அவிழ்த்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

கட்டு அவிழ்த்ததும் நேராக ஜத்ஆன் சாச்சாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், அது வார்த்தையாகுமா என்று கேட்டேன். ஆகும், தெரிந்து சொன்னதா தெரியாமல் சொன்னதா என்று காபிக்குத் தெரியாது என்றார். அப்படியானால் நான் கொடுத்தது என்ன, எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கள் என்றேன்.

"சொத்து ஃபித்தாவோடதுன்னு அவ வாயாலயே சொல்லணும். அவ்வளவுதான் நாங்க கேக்க வந்தது."

"திருப்பிக் குடுக்கணும்னு கேட்டீங்களா சாச்சா?"

"கேக்கல."

"வக்கீல் கேக்கறாரே."

"வக்கீல் கோப்பைய கீழ வெச்சாரா? அதுக்கு அவங்க இன்னொரு தடவ வரணும். நீ இன்னொரு தடவ காபி காய்ச்சணும்."

நான் எழுந்தபோது, அன்றைக்கு நீதிமன்றத்தில் உன் பங்குக்குச் சாட்சி நின்றவன் நான்தானே ஃபித்தா என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டில் காபி காய்ச்சுவதில்லை. யார் வந்தாலும் டீதான். ஹுவைமில் மூன்று தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போனான்.

ஆகவே நான் இப்போது சொல்வது என்னவென்றால், மேற்கண்ட தோட்டமும் கட்டடமும் கடைகளும் என்னுடையவை. வாங்கப் பணம் ஏது என்று அதிகாரி கேட்டார். சாலையோரத் தொட்டி நிலத்தில் என் பங்கு இருந்தது. அதை என் தம்பி விற்றான், அந்தக் காசில் நாடாளுமன்றத்துக்குப் போனான், போன இடத்தில் அது குட்டி போட்டிருக்கும். என் ஆடு போட்ட குட்டி என்னுடையதுதானே என்றேன். பங்கை விட்டுக்கொடுத்து விரல் வைத்தீர்களே என்று அதிகாரி கேட்டார். வைத்தேன். அவன் மனம் உறுத்தி எனக்கே திருப்பி வாங்கிவைத்திருக்கிறான் போலிருக்கிறது, இல்லாவிட்டால் என் பேரில் ஏன் வாங்குகிறான், வேண்டுமானால் அவனையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். இது உண்மையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவன் மனதுக்குள் நான் போய்ப் பார்த்ததில்லை. உறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில் அலுவலகப் பணியாளர் ஒரு காபி கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தார். வெளியே காத்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் வாங்கிக் கொடுத்தனுப்பியது என்றார். நான் அதைத் தொடவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று எழுத்தர் கேட்டார். அதிகாரி அவரைப் பேசாமல் எழுதச் சொன்னார்.

அதன் பிறகு அதிகாரி என் தம்பியை உள்ளே வரவழைத்து, சொத்துகள் என்னுடையவை என்று நான் சொன்ன பகுதியை மட்டும் படித்துக் காட்டினார். ஹுவைமில் இரண்டு கையையும் ஏந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை, முழுக்க முழுக்க அக்காவுடையவைதான், தனக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றான். அதிகாரி அதையும் எழுதச் சொன்னார். அதன் பிறகு ஹுவைமில் கடிகாரத்தைப் பார்த்தான். நான் இன்னும் விரல் வைக்கவில்லை என்பதையும் என் முன்னால் கோப்பை நிறைந்து இருப்பதையும் பார்த்தான்.

"குடிக்கா, ஆறிப் போவுது. குடிச்சிட்டு விரல வெச்சுட்டு வா, வீட்டுக்குப் போலாம்."

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். நான் கோப்பையை எடுத்துக் குடித்தேன். முழுவதும் ஆறிப்போய்க் கசந்தது. ஹுவைமில் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்தான், காலிக் கோப்பையைப் பார்த்தான், சிரிப்பு நின்றது. முப்பது வருஷமாக விருந்தினர் கூடத்தில் உட்கார்ந்தவன், எத்தனையோ தூதுக்கு முன்னால் நடந்தவன். என்னக்கா கேக்கப் போற என்று மெதுவாகக் கேட்டான்.

நான் சொன்னது: "என்னோடத என்கிட்ட திருப்பிக் கேக்கக்கூடாது. நீயும் கேக்கக்கூடாது, உன் மவனும் கேக்கக்கூடாது."

ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி அவனைக் கேட்டார். அவன் வாயைத் திறந்தான். சொன்னால் எதைச் சொன்னதாக ஆகும் என்று யோசித்தான் போலிருக்கிறது, மூடிக்கொண்டான். என் மேலங்கியின் தோளில் நூல் பிரிந்திருந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே போனான். எனக்கு அவனைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது, கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி விஷயம் ஒன்று பாக்கி. கண் ஆபரேஷனை இலவசமாகச் செய்துகொண்டேன். எனக்குச் சொத்து இருப்பதாக இன்றைக்குச் சொல்லிவிட்டதால் அந்தச் செலவைக் கட்டிவிடுகிறேன். எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை. தக்காளி விற்றால் முடியும் என்று அதிகாரி சொன்னார்.

இதுவரை உள்ளதை எழுத்தர் உரக்கப் படிக்க நான் கேட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எனக்குத் தெரிந்த இடம் தெரிந்தபடியும், புரியாத இடம் புரியாதபடியும் இதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். எந்த விரல் என்று எழுத்தர் கேட்டார். வாப்பாவின் நிலத்துக்கு வைத்த அதே விரல்தான்.

(ஃபித்தா ஸலாமா அல்-குதைராத், இடது கைப் பெருவிரல் ரேகை)

என் முன்னிலையில் பதிவானது. சாட்சி முன் இருந்த கோப்பை காலியாக இருந்ததை நானும் பார்த்தேன்.
(விசாரணை அதிகாரி, கையொப்பம்)